கோடு ஏறவில்லை அம்மா, மண் இறங்கியிருக்கிறது

சின்னது பெரிசு என்று பாராமல் ஊரே பெயர் சொல்லிக் கூப்பிட்ட என் அம்மா பாக்கியத்துக்கு,

"நல்லா இருக்கியா?" என்று ஆரம்பித்தால் நீ விடமாட்டாய். "செத்தவகிட்ட கேக்குற கேள்வியாடி இது?" என்று வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சிரிப்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். சட்ரஸ் தூணில் நீ போட்ட சிவப்புக் கோட்டுக்குக் கீழே இந்தப் பொங்கலுக்கு இன்னொரு கோடு போட்டிருக்கிறோம். போட வைத்தவள் நான். திட்டுவதாக இருந்தால் முழுக்கக் கேட்டுவிட்டுத் திட்டு.

நாம் பேசுவதை இன்னும் நாலு பேர் படிப்பார்கள், அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், பொறு. மன்னார்குடியில் பஸ் ஏறித் தெற்கே வந்தால், உப்புக் காற்று முகத்தில் அடிக்கத் தொடங்கும் இடத்தில் இருக்கிறது எங்கள் ஊர். ஊரை ஒட்டி ஓடும் வடிகால், கடலில் போய் விழுவதற்கு முன்னால் ஒரு தடுப்பைத் தாண்ட வேண்டும். அதன் இரும்புப் பலகைகளை இறக்கினால் தண்ணீர் நிற்கும், தூக்கினால் கடலுக்குப் போகும். அந்தத் தடுப்பைத்தான் நாங்கள் சட்ரஸ் என்கிறோம்.

பலகை இறங்கியிருந்தால்தான் மேலத்தெருவின் சம்பாவுக்குத் தண்ணீர். கடல் உப்பும் உள்ளே ஏறாது. ஆனால் அடைமழையில் அதே பலகை இறங்கியே இருந்தால் எங்கள் காலனி மிதக்கும். இதற்காக மண்டைகள் உடைந்த காலம் ஒன்று இருந்தது. கூலி நெல் கூடக் கேட்ட வருஷம் குடிசைகள் எரிந்தன. கடப்பாரையால் பலகையை நெம்பப்போன நம் ஆம்பிளைகள் ஜெயிலுக்குப் போனார்கள். ஆட்சி மாறியது, நில உச்சவரம்புச் சட்டம் வந்தது, வடிகாலோரப் பள்ளத்தில் நமக்கு மனைப்பட்டாவும் வந்தது. தண்ணீர்ச் சண்டை மட்டும் தீரவில்லை.

அதைத் தீர்த்தது நீ. சமாதானக் கூட்டத்தில் தாசில்தார் ஒப்பந்தம் எழுதப் பேனாவைத் திறந்தபோது, இடுப்பில் அண்ணனோடு முன்னால் போய் நின்றாயாம். "காயிதத்த நீங்க படிப்பீங்க, நாங்க கைநாட்டு வைப்போம். அது வேணாங்க. தூணுல போடுங்க. எல்லாரும் பாக்கட்டும்." சங்கத்து ஆம்பிளைகளே உன்னைத் திரும்பிப் பார்த்தார்களாம்.

பலகையை இறக்கித் தண்ணீரை ஏறவிட்டார்கள். காலனியிலேயே பள்ளத்தில் இருந்த வீடு நம்முடையது. நீ அதன் வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாய். தண்ணீர் படிக்கு ஒரு சாண் கீழே வந்ததும் "போதும்!" என்று ஒரு சத்தம் போட்டாய். அந்த நேரத்தில் சட்ரஸ் தூணில் தண்ணீர் எந்த மட்டத்தில் நின்றதோ, அங்கே கொத்தனார் உளியால் ஒரு கோடு வெட்டினார். அதில் நீ சிவப்புப் பெயிண்ட் அடித்தாய். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொடும் வரை பலகையை யாரும் தூக்கக்கூடாது. தொட்டுவிட்டால் யாரும் தடுக்கக்கூடாது. சுழற்றிப் பலகையைத் தூக்கும் இரும்புக் கைப்பிடி காலனியில் இருக்கும், பலகைப் பூட்டின் சாவி மேலத்தெருவில் இருக்கும். ஒருத்தர் இல்லாமல் இன்னொருத்தரால் ஒன்றும் செய்ய முடியாது.

பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் சுந்தரமூர்த்தி. மிராசுதாரின் கடைசி மகன், அப்போதுதான் காலேஜ் முடித்து வந்தவர். "தம்பி, டப்பாவக் கொஞ்சம் சாய்ச்சுப் புடி" என்று நீ சொன்னாயே, அதைக் கேட்டு மேலத்தெருவே வாயடைத்துப்போனதாம். அதற்கப்புறம் ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் அந்தக் கோட்டுக்குப் புதுப் பெயிண்ட். பிரஷ் உன் கையில், டப்பா அவர் கையில். நான் பார்த்து வளர்ந்த பொங்கல் அதுதான்.

இப்போது நீ போன பிறகு நடந்ததைக் கேள்.

போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில் நம் வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டது அம்மா. அரிசிப் பானை மிதந்தது. உன் படம் சுவரில் இருந்ததால் தப்பித்தது. அண்ணன் கைப்பிடியைத் தோளில் தூக்கிக்கொண்டு சட்ரஸுக்கு ஓடியிருக்கிறான். அங்கே போய்ப் பார்த்தால் கோடு காய்ந்துகிடக்கிறது. தண்ணீர் அதற்கு எவ்வளவோ கீழே நிற்கிறது. சாவியோடு வந்த சுந்தரமூர்த்தி கோட்டைக் காட்டி, "இன்னும் தொடலையேப்பா" என்றாராம்.

அண்ணனுக்குத் தலைக்கு ஏறிவிட்டது. உன் மகனுக்கு எப்போது ஏறாமல் இருந்தது? "கோட்ட ஏத்திப் போட்டுட்டானுவ! அம்மா செத்தா கேக்க ஆளில்லன்னு நெனச்சுட்டானுவ!" என்று கைப்பிடியை ஓங்கிக்கொண்டு போயிருக்கிறான். நாலு பேர் பிடித்து இழுத்ததால் கொலை விழவில்லை. அந்தப் பொங்கலுக்குப் போலீஸ் வந்து நிற்க, டப்பாவும் பிரஷும் ஒன்றோடொன்று பேசாமல் கோடு போட்டன. நாம் இதற்கா அத்தனை பாடுபட்டோம் என்று எனக்கு வயிறு எரிந்தது.

என் வேலை என்னவென்று நீ கடைசிவரை சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. "எம் பொண்ணு தஞ்சாவூர்ல தண்ணிக்கு ஜோசியம் பாக்குறா" என்றுதான் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரிக்குச் சொல்வாய். ரொம்பத் தப்பும் இல்லை. கம்ப்யூட்டருக்குள் ஊரைக் கட்டுவது என் வேலை. மேடு, பள்ளம், வாய்க்கால், வடிகால், பலகை எல்லாவற்றையும் அளவோடு வைப்போம். மழையை ஊற்றுவோம், கடல் ஏற்றத்தைக் கொடுப்போம், பலகையைத் தூக்கிப் பார்ப்போம், இறக்கிப் பார்ப்போம். எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று அது சொல்லும்.

அண்ணன் சண்டைக்கு அப்புறம் நம் ஊரை அதற்குள் கட்டினேன். நீ போட்ட கோடு வரைக்கும் தண்ணீரை நிறுத்தினேன். திரையில் நம் வீடு நீல நிறமாகிவிட்டது. எங்கேயோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்துப் பலகையைச் சோதித்தேன், வடிகாலைச் சோதித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கடைசியில் பழைய நில அளவைப் படத்தில் இருந்த உயரங்களை எடுத்துப் போட்டேன். வீடு காய்ந்திருந்தது, வாசற்படிக்கு ஒரு சாண் கீழே தண்ணீர் நின்றது, நீ உட்கார்ந்து பார்த்த அதே மாதிரி. இந்தக் காலத்து உயரங்களைப் போட்டேன். வீடு மறுபடியும் முழுகியது. இரண்டுக்கும் நடுவில் மாறியிருந்தது ஒன்றே ஒன்றுதான். மண்.

நம் பூமி இறங்கிவிட்டது அம்மா. செயற்கைக்கோள் படங்களும் அதையேதான் சொல்கின்றன. இறால் குட்டைக்காரர்கள் ஆழமாக போர்வெல் போட்டு இறைக்கிறார்கள். இலவச கரண்ட் வந்ததிலிருந்து மேலத்தெருவிலும் போர் இல்லாத வயல் இல்லை. அடியில் இருக்கும் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, மேலே இருக்கும் களிமண், பொங்கின மாவு இறங்குவதுபோல் அமுங்குகிறது. மேலத்தெரு பழைய ஆற்று மணல் மேட்டில் இருப்பதால் அவர்களுக்கு அவ்வளவு தெரியவில்லை. நமக்குக் கொடுத்த இடம்தான் சுத்தக் களிமண் பள்ளமாயிற்றே. சட்ரஸ் மட்டும் அஸ்திவாரத்துக்கு ஆழத்தில் கிணறு இறக்கிக் கட்டினது, அது அசையாமல் நிற்கிறது. அதனால் கோடும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. கோட்டை நம்பிப் படுத்தவர்கள்தான் கீழே போய்விட்டோம்.

அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்து, ஆபீஸில் எல்லோரும் பார்க்க அழுதேன். கடைசி வருஷங்களில் சட்ரஸ் மேடையில் ஏற முடியவில்லை என்று படிக்குக் கீழே ஒரு கருங்கல்லைப் போட்டுக்கொண்டாயே. "மூட்டு தேஞ்சு போச்சுடி, முன்ன மாதிரி கால் எட்டல" என்றாய். நானும் தைலம் வாங்கிக் கொடுத்தேன். உன் மூட்டின்மேல் அவ்வளவு பழி போட்டிருக்க வேண்டாம். தரைதான் உன் காலடியில் இறங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் கார்த்திகையில் வங்கக் கடலில் மறுபடியும் புயல் சின்னம் என்றார்கள். பேராவூரணிப் பக்கம் தென்னையெல்லாம் சாய்த்துப்போட்ட அந்தப் புயலுக்குப் பிறகு, புயல் என்ற சொல்லைக் கேட்டாலே நம் ஜனங்களுக்குச் சோறு இறங்காது. நான் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். புயல் நெருங்கினால் கடல் மட்டம் உயர்ந்து நிற்கும். அப்புறம் பலகையைத் தூக்கினாலும் தண்ணீர் போகாது, கடல்தான் உள்ளே வரும். மழை வருவதற்கு முன்னாலேயே, கடல் வற்றும் நேரமாகப் பார்த்து, நிற்கிற தண்ணீரை இறக்கிவிட வேண்டும். கோட்டைத் தொடட்டும் என்று காத்திருந்தால் காலனி மொத்தமும் போகும்.

அண்ணன் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. பாக்கியம் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், உன்னைப் போலவே ஊரைக் கூட்டி அழுகிறது. நீ படுத்திருந்த இடத்தில்தான் தொட்டில். பள்ளிக்கூடத்துக்காவது போய்விடுங்கள் என்று போனில் கெஞ்சினேன். "போன புயலப்ப போயிட்டு வந்து பாத்தா வீட்டுல ஒரு சாமானும் இல்ல. எவன் வீட்ட விட்டுட்டுப் போவான்?" என்றான் அண்ணன். முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன்.

இரண்டு தெருவையும் சட்ரஸுக்கு வரச் சொன்னேன். திரையைக் காட்டினால் யாரும் நம்பப்போவதில்லை. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் ட்யூபை எடுத்தேன். ஓஸ் பைப்புகளை ஒன்றோடொன்று இணைத்து, இரண்டு முனையிலும் உள்ளே தெரிகிற ட்யூபைச் செருகித் தண்ணீரை நிரப்பினேன். இந்த முனையில் தண்ணீர் எந்த மட்டமோ, அந்த முனையிலும் அதே மட்டம்தான் நிற்கும், இது எல்லோருக்கும் தெரியும். ஒரு முனையை அண்ணன் உன் கோட்டோடு சேர்த்துப் பிடித்தான். இன்னொரு முனையை நம் வீட்டு நிலைப்படியில் சுந்தரமூர்த்தி ஐயா பிடித்தார். ஆமாம், ஐயா என்றுதான் கூப்பிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உன் தைரியம் எனக்கு வராது.

"குமிழி இருக்கு, தப்பா காட்டும்" என்றது மேலத்தெரு. குமிழியை வெளியேற்றி மறுபடியும் பிடித்தோம். நம் வாசலில் ட்யூபுக்குள் தண்ணீர் நிலைக்கட்டையில் முழங்கால் உயரத்தில் போய் நின்றது. அதாவது சட்ரஸில் தண்ணீர் கோட்டைத் தொடும்போது, நம் வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நிற்கும். தொட்டில் சேலையின் அடிப்பக்கம் அந்த மட்டத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா! கோட்ட ஏத்திட்டானுவ!" என்று காலனி கொதித்தது.

"இருங்க" என்று எல்லோரையும் மறுபடியும் சட்ரஸுக்குக் கூட்டிவந்தேன். "அண்ணே, கோட்டச் சுரண்டு."

அவன் கொத்துக் கரண்டியால் சுரண்டினான். சிவப்புக்குக் கீழே சிவப்பு, அதற்கும் கீழே மங்கின சிவப்பு, ஒவ்வொரு பொங்கலும் பெயர்ந்து விழுந்தது. கடைசியில் கல் வந்தது. கல்லில் உளி வெட்டு. அதே இடத்தில், ஒரு நூல் கூட விலகாமல். அண்ணன் அதை விரலால் தடவிக்கொண்டே நின்றான். "இது அம்மா வெட்டச் சொன்னதுதான்" என்று அவன் வாயாலேயே சொன்னான்.

அப்புறம் நான் மண்ணைப் பற்றிச் சொன்னேன். போரைப் பற்றி, களிமண்ணைப் பற்றி, நீ போட்ட கருங்கல்லைப் பற்றி. எல்லோரும் படியையும் கல்லையும் தங்கள் காலடியையும் பார்த்தார்கள். சுந்தரமூர்த்தி ஐயா கேட்டார், "அப்ப நாங்க கோட்டத் தொடல?"

"இல்லைங்க."

"ஊரறிய சொல்லும்மா."

"மேலத்தெருக்காரங்க கோட்டத் தொடவே இல்லைங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "திருடன்னு பேர் வாங்கிக்கிட்டு இந்த வயசுல தலகுனிஞ்சு நடந்தேன். இன்னிக்கு உன் வாயாலயே தீந்துச்சு, சந்தோஷம். கோடு போட்ட எடத்துலயே இருக்கு. பேச்சும் பேசின எடத்துலயே இருக்கட்டும். தண்ணி கோட்டத் தொடட்டும், சாவியோட நானே வர்றேன்." திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

அவ்வளவுதான். சண்டையைத் தீர்க்கிறேன் என்று வந்து, அவர்கள் கேஸை நானே ஜெயித்துக் கொடுத்துவிட்டேன். அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "நல்லாப் படிச்ச போ. அவனுவ வக்கீலு சொல்ல வேண்டியத நீயே சொல்லிட்ட."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"புயல் தாண்டுற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல? பயத்துலயாவது சாவியக் குடுத்திருப்பான்."

நீயாக இருந்தால் என்ன செய்திருப்பாய்? உண்மையை அன்றைக்கே சொல்லியிருப்பாயா, பலகை தூக்கின பிறகு சொல்லியிருப்பாயா? இன்றைக்கும் அதை யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மறுநாள் காலையில் தனியாக மேலத்தெருவுக்குப் போனேன். காற்று அடங்கி, வானம் வெளுத்துக் கிடந்தது. புயலுக்கு முந்தின அமைதி என்று எனக்குத் தெரியும். பார்ப்பவர்களுக்கு அது நல்ல வெயில். ஐயாவின் பிள்ளைகள் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். அவரும் அவர் சம்சாரமும் மட்டும்தான், விவசாயத்தை அவரே பார்க்கிறார். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், காபி வந்தது. அதெல்லாம் சரியாகத்தான் நடந்தது.

"ஆத்துல தண்ணிய மொற வச்சுத்தான் விடுறான்மா. பயிரு தூர் கட்டுற நேரம். நிக்கிற தண்ணியக் கடலுக்கு விட்டுட்டு நான் எங்க போவேன்? நீ சொல்ற மழ வரலைன்னா?"

"வரும்னுதாங்க கணக்கு சொல்லுது."

"சத்தியம் பண்ணு."

"பண்ண முடியாதுங்க. வர்றதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். புயல் வேற பக்கம் திரும்பிடவும் செய்யலாம்."

"உங்கம்மா இப்படி இழுக்க மாட்டா. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல."

"எங்கம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங்க."

"அதான் நிம்மதியா இருந்தா" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. கீழ வயல்களும் இறங்கியிருக்கின்றன, கோடு வரை நிறுத்தினால் உங்கள் பயிரும் அழுகும் என்றேன். தலையை ஆட்டினார். நம்பினார் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் கை சாவியைத் தேடவில்லை. இத்தனை வருஷம் நம்பின கோட்டை ஒரு காலையில் விட்டுவிட முடியுமா யாராலும்?

அந்த நேரத்தில் தெருமுனையில் அண்ணன் வந்தான். காலில் செருப்பு, தோளில் கைப்பிடி. போன தடவை ஓங்கினவன், இந்தத் தடவை அடித்தே விடுவான் என்று எழுந்து குறுக்கே போனேன். என்னை ஒதுக்கிவிட்டு நேரே வாசலுக்கு வந்தான். நம் தாத்தா செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த தெரு அது. கைப்பிடியை ஐயாவின் வாசலில் டங்கென்று போட்டான்.

"வச்சுக்குங்க" என்றான். குரல் உடைந்திருந்தது. "வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்பறம் எங்களுக்கு இது எதுக்கு? சாவியும் நீங்களே, ஹேண்டிலும் நீங்களே. தூக்குறதா இருந்தா தூக்குங்க, முழுகடிக்கிறதா இருந்தா முழுகடிங்க. இனிமே நாங்க வந்து கேக்க மாட்டோம்."

சத்தியமாக எனக்கு முன்னாலேயே தெரியாது அம்மா. நாங்கள் பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை. கோபத்தில் செய்தான். நீ வாங்கி வைத்த பாதியை அவன் தூக்கி எறிந்ததைப் பார்த்து எனக்கு உயிரே போய்விட்டது.

ஐயா எழுந்துவிட்டார். கைப்பிடியை அவர் பார்த்த விதம், வாசலில் பாம்பைப் பார்த்தவர் மாதிரி இருந்தது. "எடுடா அத."

"நீங்க எடுங்க."

"எடுடான்னா!" "ரெண்டும் எங்கப்பா கையில இருந்துச்சு. அப்ப என்ன நடந்துச்சுன்னு உனக்குத் தெரியாது, நீ பாக்கியம் இடுப்புல இருந்த. நான் பாத்தேன். குடிச எரியறத மாடியில நின்னு பாத்தேன். எனக்கு ரெண்டும் வேணாம்." உள்ளே போனார். சாவியோடும் குடையோடும் வெளியே வந்தார். "கடல் எப்ப வத்தும்னு சொன்ன?" என்று என்னிடம் கேட்டார்.

மத்தியானம் கடல் வற்றத் தொடங்கியதும் பூட்டு திறந்தது. பலகை லேசில் எழும்பவில்லை. அண்ணன் ஒரு பக்கம், மேலத்தெருப் பையன் ஒருவன் ஒரு பக்கம் என்று மாறி மாறிச் சுழற்றினார்கள். பலகைக்கு அடியில் நுரை தள்ளிக்கொண்டு தண்ணீர் கிளம்பியது. தன் சம்பாவுக்கான தண்ணீர் கண்ணெதிரே கடலுக்குப் போவதை ஐயா குடையை ஊன்றிக்கொண்டு பார்த்தார்.

அடுத்த நாள் பளீரென்று வெயில். என்னைக் கேட்காதே அம்மா, எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. மேலத்தெருவில் ஒருவன் சைக்கிளை நிறுத்தி, "ஒங்க பொட்டிக்குள்ள நல்ல மழையாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனான். வடிகால் தரை தெரிய வற்றிக்கிடந்தது. புயல் திரும்பிவிட்டால் அந்தக் குடும்பங்களின் பயிர் என் தலையில். திரும்பாவிட்டால் காலனி என்ன ஆகுமோ. மழை வா என்று வேண்டுவதா, வராதே என்று வேண்டுவதா? எதை வேண்டினாலும் பாவமாக இருந்தது.

அதற்கடுத்த நாள் விடிந்ததும் கிழக்கு கறுத்தது. பிறகு பெய்தது பார், பூமியும் வானமும் ஒட்டிக்கொண்ட மாதிரி. காற்றில் காலனியின் தகரக் கூரைகள் கத்தின. கடல் ஏறும்போது பலகையை இறக்க வேண்டும், வற்றும்போது தூக்க வேண்டும். சட்ரஸ் கொட்டகையில் ஐயா சாவியோடு, அண்ணன் கைப்பிடியோடு, ஒரே தார்ப்பாய்க்குள் உட்கார்ந்திருந்தார்கள். நான் போனில் நேரம் சொல்லிக்கொண்டிருந்தேன். சிக்னல் போனதும் ஓடிப்போய்ச் சொன்னேன். பாதி வழியில் விழுந்து முட்டி கிழிந்தது.

வடிகால் ஏறிக்கொண்டே வந்தது. வயலும் வடிகாலும் ஒன்றானது. தெருவுக்குள் தண்ணீர் வந்தது. நான் நம் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டேன், நீ உட்கார்ந்த அதே இடத்தில், காலை நீட்டி. உள்ளே தொட்டிலில் பாக்கியம் வீறிட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் என் குதிகாலைத் தொட்டது. கணுக்காலைத் தொட்டது. படியை நக்கியது. இதற்குமேல் ஏறினால் என் கணக்கு பொய், என் படிப்பு பொய், அண்ணன் தூக்கி எறிந்ததும் வீண்.

ஏறவில்லை அம்மா. படியை நனைத்துக்கொண்டு அப்படியே நின்றது. வாசலைத் தாண்டவில்லை. கடல் வற்றியதும் மெல்ல இறங்கத் தொடங்கியது. நான் படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். "ஏன் அத்த அழுவுற, அதான் போவுதே" என்று அண்ணன் மகள் அதட்டினாள்.

மழை விட்டதும் ஐயாவை சட்ரஸ் தூணுக்குக் கூட்டிப்போனேன். வெள்ளம் உச்சத்தில் நின்ற கறை ஈரமாகத் தெரிந்தது. உன் சிவப்புக் கோடு அதற்கு மேலே சொட்டுத் தண்ணீர் படாமல் இருந்தது. தண்ணீர் கோட்டைத் தொடட்டும் என்று காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கறைக்கும் கோட்டுக்கும் நடுவே அவர் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தார். அவருடைய கீழ வயலில் கொஞ்சம் சாய்ந்தது, மற்றது நிமிர்ந்துவிட்டது.

மாட்டுப் பொங்கலுக்குப் போலீஸ் வரவில்லை. புதுக் கோடு எங்கே போடுவது என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஐயா கேட்கவில்லை. "அதெல்லாம் வேணாம்மா. பாக்கியம் பாத்த மாதிரி பாரு" என்றார். பலகையை இறக்கித் தண்ணீரை ஏறவிட்டோம். நான் படியில் உட்கார்ந்தேன். ஒரு சாண் இருக்கும்போது "போதும்!" என்று கத்தினேன். உன் சத்தம் எனக்கு இல்லை. இரண்டு தடவை கத்த வேண்டியிருந்தது.

டப்பாவை அவர் பிடித்தார், பிரஷ் அண்ணன் கையில். புதுக் கோட்டைப் போட்டு முடித்ததும் பழைய கோட்டைச் செதுக்கிவிடலாம் என்றார்கள், குழப்பம் வரக்கூடாதென்று. அண்ணன் கரண்டியை எடுத்தான். கல்லில் வைத்தான். அவனால் முடியவில்லை. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, அந்த உளி வெட்டில் கொஞ்சம் மஞ்சளும் குங்குமமும் வைத்தான். "இது அம்மா. இருந்துட்டுப் போகட்டும்" என்றான். யாரும் மறுக்கவில்லை.

ஆனால் உன்னிடம் மறைக்க மாட்டேன். போர்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. என் பெட்டிக்குள் நம் வீடு இன்னும் இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. இந்தப் புதுக் கோடும் ஒரு நாள் பொய்யாகும். கோட்டை இறக்க இறக்க ஐயாவின் வயலுக்குத் தண்ணீர் குறையும், அவர் இன்னும் ஆழமாக போர் போடுவார், மண் இன்னும் இறங்கும். இதை அவரிடம் சொன்னேன். "அதுக்கும் ஒரு கூட்டம் போடணும் போல" என்றார். இறால் குட்டைக்காரர்களையும் சேர்த்துத்தான் போட வேண்டும். அது லேசுப்பட்ட கூட்டமாக இருக்காது. மண்டை உடையாமல் முடியுமா என்று தெரியவில்லை.

நான் போவேன் அம்மா. காகிதத்தோடும் கம்ப்யூட்டரோடும் மட்டும் போகமாட்டேன், எல்லோரையும் முதலில் நம் வாசற்படிக்குக் கூட்டிவருவேன். ஒவ்வொரு பொங்கலுக்கும் முந்தி அந்தப் படியில் நானே உட்கார்ந்து பார்ப்பேன். எனக்குப் பிறகு தொட்டிலில் கிடக்கிறதே ஒன்று, அது உட்காரும். அதற்குத்தான் உன் சத்தம் இருக்கிறது.

உன் படியில் உட்கார்ந்திருக்கும்
சின்னப் பொண்ணு கயல்